ஒன்பது ஒட்டியும் போகாத எட்டு

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறினேன். வண்டி எண் 4211. அதன் பக்கத்திலேயே நான்கு ஒன்பதுகள், புது ஸ்டிக்கர்.

"நம்பரக் கூட்டுனா எட்டு வருது சார், ஆவாத நம்பர். போன மாசம் வண்டியே குடை சாஞ்சிடுச்சு. எனக்கு ஒன்பது ராசி, அதான் ஒட்டிட்டேன். இனிமே பயமில்ல" என்று டிரைவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

மனதுக்குள் கூட்டினேன். 42119999. நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு.

எத்தனை ஒன்பது சேர்த்தாலும் கடைசியில் அதே எட்டுதான் வந்து நிற்கும்.

"என்னா சார் முணுமுணுக்கிறீங்க?" ரோட்டை விட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

எனக்கு எண் ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போனில் இந்தப் பதிவை டைப் செய்கிறேன்.

முன்னால் வளைவு. இப்போதே சொல்லவா, இறங்கிய பிறகு சொல்லவா? சீக்கிரம் பதில் போடுங்கள், அவர் இன்னும் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்.