பேச்சி சொன்ன பெயர்

பிள்ளைகளே, தாராவியில் உங்கள் பேச்சி அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். சங்கராந்திக்காக எதிர்வீட்டு மராத்திப் பெண்கள் மஞ்சள் குங்குமம் கொடுக்கிறார்கள். அத்தை அந்த வீட்டுப் படியில் கால் வைத்ததும் ஒருத்தி கையை நீட்டி மறிக்கிறாள். அத்தை மராத்தியில் பாட்டு மாதிரி இரண்டு வரி சொல்கிறாள். நடுவில் ‘சுடலைமுத்து’ என்று மாமாவின் பெயர் கணீரென்று வருகிறது. எல்லாரும் கைதட்டி அவளை உள்ளே விடுகிறார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவள் எள்ளுருண்டையோடு திரும்பியதும், “ஏட்டி, புருசன் பேரையா சொன்ன?” என்று கேட்கிறேன்.

“இங்க சொல்லாட்டாத்தான் தப்புண்ணே. உள்ளயே விடமாட்டாவ.”

“ஊர்ல வந்து இப்படிச் சொல்லுவியா?”

“ஆத்தாடி! அங்க எங்க வீட்டுக்காரவதான்” என்று சிரிக்கிறாள்.

ரேஷன் கடையில் என் பெயரைக் கேட்டபோது, உங்கள் அம்மா பெரியவளை முன்னால் தள்ளி, “ஏட்டி, நீ சொல்லு” என்றது நினைவுக்கு வருகிறது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் வாயால் என் பெயரை நான் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்க வேண்டும் போல நெஞ்சு கிடந்து தவிக்கிறது. போன் போடுகிறேன்.

“ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்.”

“என்னங்க, காய்ச்சல் அடிக்கா?”

“இல்ல. சும்மா சொல்லு.”

அவள் வளையல் குலுங்குவது கேட்கிறது. அப்புறம், சின்னவளே, உன் குரல்தான் வருகிறது.

“அப்பா, அம்மா ஏன் போனை எங்கிட்டத் தந்துட்டு, சுவரைப் பாத்துச் சிரிக்கா?”