தூசு என்று நினைத்த இருமல்

அப்பாவின் இருமல் குளியலறைத் தகரக் கதவுக்குப் பின்னால் முதலில் சாதாரணமாகத்தான் கிளம்பும், பிறகு மூச்சுவிட இடம் தராமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் தீர்ந்த பின், "ஊ...ப்" என்று ஒரு நீண்ட இழுப்பில் முடியும். அடுத்து அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் அதற்குத் தப்ப இடமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மணலும் கரியும் பறக்கும் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் அவர் வேலை செய்தார். அதனால் அந்த இருமலுக்கு எங்கள் தெருவே வைத்த பெயர் "பவுண்டரி தூசு". அம்மா ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சுவாள், கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து கொடுப்பாள். சற்று நேரம் தொண்டை இளகும். பிறகு மறுபடியும் தகரக் கதவு அதிரும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். பெற்றவர்கள் இல்லாத அவளுக்கு எங்கள் வீடுதான் தாய்வீடு. பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் முத்தடுப்பு ஊசிக்கு இன்னும் நாள் வரவில்லை. அப்பா வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, காபியைக்கூடக் கேட்காமல் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று முகம் சிவந்து விறைத்தது. உதடு நீலமாகி, சிறிது நேரத்தில் தானாகவே தெளிந்தது. அது இருமவில்லை. எங்களை ஏமாற்றியது அதுதான். அம்மா "தோஷம்" என்றாள். மறுநாள் காலை தெருவில் "கழுதப் பாலு, கழுதப் பாலு" என்ற குரல் கேட்டதும் சங்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வாங்கி வந்தாள். சித்தி குழந்தையை மடியில் சாய்த்து, சங்கை அதன் உதட்டருகே கொண்டுபோனபோது அதன் கைகள் இரண்டும் தொய்ந்து விழுந்தன.

"அக்கா, பாப்பாவுக்கு மூச்சு வர்லக்கா!"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா குழந்தையை அள்ளித் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். எங்கோ ஆழத்திலிருந்து ஒரு சிறு விம்மல் வந்தது. அப்படியே செருப்பில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். என்னை விட்டுப்போக ஆளில்லாததால் நானும் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சித்தி குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்தபடி, "வருது, வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்; அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்திவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?"

"யாருக்கும் இல்லீங்களே" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை. தூசை அவள் இருமல் கணக்கில் சேர்க்கவில்லை. அந்நேரம் வராந்தாவில் அப்பாவுக்கு இருமல் வந்தது. டாக்டரம்மா வெளியே போய், கடைசி இழுப்பு வரைக்கும் நின்று கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"அது பவுண்டரி தூசும்மா. கொஞ்ச நாளா கீது."

"தூசு இல்லப்பா, கக்குவான் இருமல். ஒட்டிக்கிற வியாதி. உங்களுக்கு இருமித் தள்ளத் தெம்பு இருக்கு. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இரும வராது, மூச்சுதான் நிக்கும்." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "கஷாயம் பெரியவங்க தொண்டைக்கு இதமா இருக்கும், கிருமியைக் கொல்லாது. குழந்தைக்குக் கழுதைப்பால், தேன் எதுவும் வேணாம். வீட்ல எல்லாரும் மாத்திரை சாப்பிடணும்."

அப்பா இரண்டு கைகளையும் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தார். குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவர் வார்டுக்குள் வரவில்லை. சன்னலுக்கு அப்பால் மரத்தடியிலேயே நின்றார். வார்டில் நர்ஸ் அடிக்கடி குழந்தையிடம் ஓடினார். மெல்ல மெல்ல அந்த ஓட்டம் குறைந்தது. மருந்து கிருமியைப் பிடித்துவிட்டது என்றும், இருமல் அடங்க இன்னும் பல வாரம் ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா மாத்திரையை முடித்த பிறகும் வீட்டுக்கு வராமல் பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சித்திதான் ஒரு சாயங்காலம் குழந்தையோடு பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"புடி மாமா. இந்த நோவ நீ இன்னா தெரிஞ்சா குட்த்த? மூச்சு நின்னப்ப தட்டி எழுப்புனதும் நீதானே?"

அவர் வாங்கிக்கொண்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்று அப்பா இல்லை. அவர் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த அலுவலகம் நிற்கிறது. இப்போது கருவுற்ற பெண்களுக்கே கக்குவானுக்கு ஊசி போடுகிறார்கள். அந்த இழுப்பின் ஓசையை என் வயதுக்குக் கீழே உள்ள பலர் கேட்டதே இல்லை. சித்தியின் மகளுக்கு, அந்தக் குழந்தைக்கு, போன மாதம் ஒரு பையன் பிறந்தான். வானகரத்தில் அவர்களுடைய ஃப்ளாட்டுக்குக் குழந்தையைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் பேச்சுக்கு நடுவே லேசாக இருமினார். சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சும்மா ஏ.சி. இருமல்தான் ஆன்ட்டி" என்று அவர் சிரித்தார்.

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.