வெள்ளை பேனரில் ஒரு சொல்

பாளையங்கோட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் எனக்கு வேலை. டிசைனை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. யூடியூப் பார்த்து, தப்பும் தவறுமாகச் செய்து பழகினேன். போன வருஷம் முதலாளி, பெங்களூரில் டிசைன் பட்டம் வாங்கிய ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். எனக்கும் அவளுக்கும் தினமும் வாக்குவாதம்.

"எல்லா இடத்தையும் அடைக்காதீங்கண்ணே. கண்ணு எங்க போய் நிக்கும்?"

"இங்கன காலி இடம் விட்டா எவனும் வாங்க மாட்டாம்மா."

ஒரு நாள் காலை சிலர் வந்தார்கள். முந்தின நாள் ஆற்றங்கரையில் வெட்டுப்பட்டுச் செத்தவனின் அண்ணனும் கூட்டாளிகளும். அண்ணனின் சட்டையில் தம்பியின் ரத்தம் காய்ந்திருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும்; சிங்கம், அரிவாள், சுற்றிலும் தங்கள் எல்லார் படமும் வர வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

நான் வேறு வேலையில் இருந்ததால் அவள் செய்தாள். மதியம் அவர்கள் திரும்பி வந்தபோது திரையில் ஒரே வெள்ளை, நடுவில் செத்தவனின் முகம் மட்டும்.

"எங்க படமெல்லாம் எங்கன போச்சுட்டி?"

கேட்ட கூட்டாளி அவள் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். நான் குறுக்கே பாய்ந்தேன். பேனருக்குச் சட்டம் அடிக்க வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்து அண்ணன் வீசினான். என் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மறுபடி ஓங்கியவன் திரையைப் பார்த்துவிட்டான். குழாய் கீழே விழுந்தது. "ஏலே, தம்பி என்னையவே பாக்காம்லே" என்று தரையில் உட்கார்ந்து கதறினான். பிறகு சொன்னான்: "இப்படியே இருக்கட்டும். கீழ 'வருவோம்'னு மட்டும் எழுது."

மூக்கில் ரத்தம் வழிய அவள் அதை மூலையில் சின்னதாக அடித்தாள்.

சிங்கமும் அரிவாளும் போட்டு நான் எத்தனையோ பேனர் செய்திருக்கிறேன். யாரும் நின்று பார்த்ததில்லை. இதைக் கடைத்தெருவில் கட்டியதும், அந்தச் சின்னச் சொல்லை வாசிக்கச் சனம் கிட்டே போனது. வாசித்ததும் கடைகளை அடைத்தது. சாயங்காலம் போலீஸ் வந்து கிழித்தது. மறுநாள் எதிராளிகள் எங்கள் கடைக்குள் புகுந்து மெஷின்களை அடித்து நொறுக்கினார்கள்.

"எவம்லே இதச் செஞ்சது?"

"நான்தான்" என்றாள். கன்னத்தில் விழுந்த அறையில் சுவரோடு போய் மோதினாள்.

முதலாளி கடையை மூடிவிட்டார். அவளைப் பெங்களூர் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். வீங்கிய உதட்டோடு சொன்னாள்: "அந்தச் சொல்ல பெருசாப் போட்டிருக்கணும்ணே. பெருசா இருந்தா யாரும் பயந்திருக்க மாட்டாங்க."