சலோமி அக்காவின் ஏழு மணிப் பாட்டு

அன்று காலையும் பாட்டு வந்திருந்தது. திருப்பதியில் நான் காபியும் கையுமாக அதைப் படித்து, சிரித்து, சட்டையில் கொட்டிக்கொண்டு, துடைத்து முடிப்பதற்குள் சித்தூரிலிருந்து போன். சலோமி அக்காவின் பக்கத்து வீட்டு ரமணம்மா. "அன்னய்யா, அக்கா உக்காந்தபடியே போயிட்டாங்க" என்றார். "இப்பத்தானம்மா பாட்டு வந்துது!" என்று அவரோடு சண்டைக்கே போனேன். பாட்டு வந்த நாளில் ஆள் போகலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

சித்தூர் தொலைபேசி நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரல் தெரியும். அவர் ஒரு அதட்டுப் போட்டால் டெல்லி லைனே எழுந்து நிற்கும். ஓய்வு பெற்றபின் அவர் தொடங்கியது வேறு ராஜ்ஜியம். தமிழ்ப் பேப்பரில் தினமும் வரும் சொற்புதிரைப் பல் துலக்குமுன்னே போட்டு முடிப்பார். விடைகள் அத்தனையும் வருகிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டி, ஏழு மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். தவம், தக்காளி, யானை, குடை, சங்கு என்று விடைகள் அமைந்த நாளில் பிறந்தது இது:

தவம் செய்யப் போச்சாம் தக்காளி
தலைக்கு யானை குடையாச்சு
வரம் கேட்க வாயைத் திறக்குமுன்னே
சங்கு ஊதிச் சட்னியாச்சு.

ஈரேழு பதினாலு லோகத்திலும் தக்காளிக்கு இப்படியொரு காவியம் கிடையாது. அன்று என் வீட்டில் யாரும் சட்னியைத் தொடவில்லை, மரியாதை காரணமாக.

"வார்த்தைய நாமளே எடுத்துக்கினா அது செல்லப் பிள்ளை, சொன்னபடி ஆடும். எவனோ குடுக்கிற வார்த்தையோட மல்லுக்கட்டினாத்தான் பாட்டு" என்பார்.

விளையாட்டுதான். ஆனால் அவருடைய வீடே அதில் பணயமாக இருந்தது. கணவர் போனபின் தனியாக இருந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் எட்வின், வந்துவிடு என்று நச்சரித்தான். இவர் அசையவில்லை. கடைசியில் என்னைச் சாட்சியாக வைத்து ஓர் ஒப்பந்தம்: தினமும் ஏழு மணிக்கு அவனுக்கும் பாட்டு வந்துகொண்டிருக்கும்வரை அவர் சித்தூரில் இருக்கலாம். ஒருநாள் தவறினாலும் மூட்டை கட்ட வேண்டும்.

ஒரு மே மாதம், தவறியது. எட்டு மணியாகியும் பாட்டு இல்லை. போனையும் எடுக்கவில்லை. எட்வின் காரில் பறந்தான். நான் ஏறிய பஸ்ஸை டிரைவரைத் தள்ளிவிட்டு நானே ஓட்டாத குறை. போய்ச் சேர்ந்தால் வாசலில் பாதிச் சித்தூர் நிற்கிறது, மீதிப் பாதி வந்துகொண்டிருக்கிறது. உள்ளே போன் அடிக்கிறது. பாஸ்டர் ஜெபத்தையே தொடங்கிவிட்டார். ஒருவர் பூட்டை உடைக்கக் கடப்பாரையோடு நிற்கிறார். வெளியே பூட்டுத் தொங்கினால் ஆள் உள்ளே இல்லை என்ற சின்ன விஷயம் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு ஜீவனுக்கும் உறைக்கவில்லை.

அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பை மாம்பழத்தோடு இறங்கினார் அக்கா. பங்காருபாளையம் மாம்பழச் சந்தைக்குப் போய் வருகிறார். கூட்டத்தைப் பார்த்து, "இன்னாய்யா, யார் வீட்ல சாவு?" என்றார்.

"பாட்டு எங்க மம்மி?" எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினான்.

"நேத்து மே தினம், அச்சாபீசுக்கு லீவு. இன்னிக்குப் பேப்பரே வரல. எதை வெச்சிக்கினு பாட்டு கட்றது? அழுதுகினே நிக்காம பையப் பிடிடா."

"அதெல்லாம் தெரியாது. பேச்சுன்னா பேச்சு. கிளம்பு."

அக்கா கதவைப் பார்த்தார். அந்தக் குரல் கம்மி நான் கேட்டது அன்றுதான். "இருடா" என்றார் மெதுவாக. "சொந்த வார்த்தையில எழுதிடுங்கக்கா" என்று நான் குறுக்கே விழுந்தேன். கோயிலில் பொய் சொல்லச் சொன்னவனைப் போல என்னைப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார். "பேப்பர் இல்லாத நாள்ல நீ குடு, அஞ்சு வார்த்த. கட்ட முடியலன்னா வந்துடறேன்."

அவரைத் தோற்கடிக்கவென்றே எட்வின் அடுக்கினான்: டயர், லோன், கொசு, மேனேஜர், மாங்கொட்டை. நாங்கள் ஆளுக்கொரு பழம் தின்று முடிக்குமுன் பாட்டு வந்தது:

கொசுவுக்கு லோன் கொடுத்த மேனேஜர்
வசூலுக்கு டயர் தேய அலைஞ்சாரு
வட்டியாக் கிடைச்ச மாங்கொட்டைய
வாயில போட்டுக்கினு வந்தாரு.

முழங்கை வரை மாம்பழச் சாறு வழிய எட்வின் சிரித்தான். அன்று மாலை தனியாகவே பெங்களூர் திரும்பினான். அதன்பின் பேப்பர் லீவுக்கு அவன்தான் காத்திருப்பான்.

கல்லறைத் தோட்டத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏழு மணிக்குப் பாட்டைப் பார்த்துட்டு, மம்மி நல்லாருக்குன்னு ஆபீசுக்குக் கிளம்பிட்டேனே, மாமா." "நல்லாத்தாண்டா இருந்தாங்க. அவங்க வீட்ல இருந்தாங்க" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான்.

போன வாரம் வீட்டைக் காலி செய்யப் போனவன் காலை ஏழு மணிக்கு எனக்கு அனுப்பினான்: "மிக்ஸி, ஸ்வெட்டர், காலண்டர், குடம், சீப்பு. கட்டுங்க மாமா." கீழே இன்னொரு வரி: "சீப்புல நரைமுடி அப்படியே இருக்கு."

"கஷ்டமான வார்த்தையக் கடைசிக்குத் தள்ளாதய்யா. முதல் வரியிலயே உக்கார வை" என்று, நானும் பாட்டுக் கட்டப் பார்த்தபோதெல்லாம் அக்கா திட்டுவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் திட்டு ஒன்றுதான். 'சீப்புக்குத் தெரியும் யார் தலைன்னு' என்று எழுதினேன். அதற்குமேல் இந்த மகாகவிக்கு ஓர் எழுத்துகூட ஓடவில்லை. அந்த ஒற்றை வரியை அப்படியே அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்வின் பதில் போட்டான்: "சரி மாமா. அடுத்த வரிக்கு மிக்ஸிய நான் பாத்துக்கறேன்."