பீரங்கித் துரை பக்கத்தில் ஓடக் கூடாது

குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். எதிரி கிட்டத்தில் வந்தும் பீரங்கியை விட்டு நகராமல் நின்றதற்காகப் பதக்கம் வாங்கியவர் என்று கல்லில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. காய் எடுக்கும் பெண்களுக்கு அதைப் படித்துச் சொன்னது என் மனைவி.

அன்றைக்குப் பிடித்தது சனி. முதல் எடுப்பில் ஒரு கைப்பிடி காயும், பற்றவைத்த சுருட்டும் பீரங்கித் துரை கல்லறைக்குப் படையலாகப் போயின. ஓடாத மனுசன் பக்கத்தில் யாரும் ஓடக் கூடாதென்று அவர்களாகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். மழை கொட்டினாலும் அங்கே அன்னநடைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடிருக்கிற எனக்கு அந்த மரியாதையில் பாதி கிடையாது.

போன வருஷம் ஒருநாள் மதியம், கல்லறைப் படியில் உட்கார்ந்து அவர்களோடு என் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் தேய்ந்தவள்; கைகொடுத்துத் தூக்கினால்தான் எழுவாள். நான் மேலே ஜீப்பருகே நின்றேன். ஏலச்செடிகளை ஒடித்துக்கொண்டு ஒற்றைக் காட்டுமாடு வெளியே வந்தது. அவர்களைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தியது.

“ஓடுங்க, வெரசா ஓடுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தியும் அசையவில்லை. இறங்கப் போன என்னை டிரைவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். மேலேயிருந்து ஆள் ஓடிவந்தால் மாடு மிரண்டு அவர்கள்மேல்தான் பாயும் என்றார். மாடு காலால் மண்ணைக் கிளறியது. அந்தப் பெண்களில் மூத்தவள் மெல்ல எழுந்து என் மனைவிக்கு முன்னால் போய் நின்றாள். அதுவும் துரைக்குச் செய்கிற மரியாதை என்றே நினைத்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. மாடு ஒருமுறை சீறிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனது.

நான் இறங்கிப்போய் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தவனுக்குப் பயந்து என் பெண்டாட்டியையும் சேர்த்துச் சாகக் கொடுக்கப் பார்த்தீர்களே என்று கேட்டேன். மூத்தவள் மட்டும் வாயைத் திறந்தாள்.

“தொரை இருக்குற எடத்துல ஓடக் கூடாதுல்லண்ணே.”

ஜீப்பில் திரும்பும்போது மனைவி, மாடு வந்ததுமே தன்னை விட்டுவிட்டுப் போகும்படி அவர்களிடம் கெஞ்சியதாகச் சொன்னாள்.

“எந்திரிக்க முடியாதவள விட்டுட்டு எங்கிட்டுப் போறதுன்னு மூத்தவ கேட்டா. நீங்க அந்த வரத்து வந்து வையிறீக. எல்லாருக்கும் முன்னால, ஒங்க பொண்டாட்டிக்காகத்தான் நின்னோம்னா சொல்லுவாக?”

எனக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். அந்தப் பாதையில் திருப்ப இடமில்லை. குரங்கணிவரை இறங்கித்தான் திருப்பினோம். அவர்கள் வேலை முடிந்து கிளம்புவதற்குள் போய்ச்சேர வேண்டுமே என்றுதான் ஏறுகிற வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.