ரெங்கநாயகி மேடமும் ஒரு த்ராட்டில் பாடியும்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வரதன் சார் போன் செய்தார். “செல்வி, இன்னிக்கு டயாலிசிஸுக்குப் போக முடியாது போலருக்கு. ரெங்கா எழுந்துக்க மாட்டேங்கறா” என்றார். குரலில் பதற்றமே இல்லை. இரண்டு தெரு தாண்டி நான் ஓடிப் போனபோது கதவு திறந்திருந்தது. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, மனைவியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு, விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார்.

குடும்பத்தார் அச்சடித்த தாளில் ‘ஆசார்யன் திருவடி அடைந்தார்’ என்று இருந்தது. முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. செத்துப்போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ரெங்கநாயகியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கணக்குத் துறையில் இருக்கும் எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். என்னை ‘நீ’ என்பார், நான் கடைசிவரை ‘மேடம்’ என்றேன். ஸ்டாஃப் ரூமில் அதிகம் பேசமாட்டார். அதனால் அவருடைய கடைசி இரண்டு வருடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வரதன் சாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்குத் தில்லைநகரில் டயாலிசிஸ். தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதென்று மேடம் முடிவு செய்து சோதனைகளுக்குப் போனார். அதில்தான் அவருக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது. எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் வந்து, “என்னோடது ஒத்து வரலயாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அவரிடம் இருந்தது பழைய பெட்ரோல் கார். வாடகைக் காரில் போகலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை போனார்கள். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வரதன் சார் வாந்தி எடுக்க, டிரைவர் காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே இருவரையும் வெயிலில் இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு மேடம் வாடகைக் காரைத் தொடவில்லை. ஆட்டோவின் குலுக்கல் வரதன் சாருக்கு ஆகாது.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது காவிரிப் பாலத்தின் நடுவில் கார் திணறி நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. பின் சீட்டில் வரதன் சார் கண்ணை மூடிப் படுத்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. மேடம் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ பிடித்துக்கொண்டது. 

பாலக்கரையில் மெக்கானிக் சலீம் பாய் சோதித்துப் பார்த்தார். இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது, இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும், மூன்று வாரம் வண்டியை விட்டுவிடுங்கள் என்றார். மூன்று வாரம் என்றால் ஒன்பது டயாலிசிஸ். முடியாது என்று மேடம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். த்ராட்டில் பாடி என்ற பெயரை அப்போதுதான் நான் கேள்விப்பட்டேன். இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு அதுதான் வாசல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதற்குள் இருக்கும் வட்டத் தகடு திறக்கும். கார் கம்பெனி கொடுத்ததைவிட அகலமான ஒன்றை வெளியே யாரோ செய்து விற்கிறார்கள், போட்டால் இழுவை கூடும் என்று நாலைந்து பேர் எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார். வரவழைத்தும்விட்டார்.

சலீம் பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, போட மாட்டேன் என்றார். காற்று போதவில்லை என்றால் கூட்டினால் சரியாகிவிடாதா என்று மேடம் கேட்டார்.

“காத்து பத்தாம இல்லம்மா. உள்ள இழுக்கறதுக்குத் தெம்பு இல்ல. வாசலைப் பெருசு பண்ணி என்ன பண்றது?”

இயற்பியல் படித்தவருக்கு இது புரியாமல் இருந்திருக்குமா? புரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களே மாட்டினோம். சித்திரை வீதியில் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வாத்தியாரம்மாக்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரப்பர் குழாயைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் கேபிளை விடுவித்து, நாலு போல்ட்டைக் கழற்றினோம். ஒன்று துருப்பிடித்து அசைய மறுத்தது. மேடம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்பேனரை அழுத்தினார். பழையதை எடுத்துப் பார்த்தபோது உள்ளே கரி அப்பியிருந்தது. புதியது வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. காற்று கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கட் ஓரம் லேசாகப் பொருந்தவில்லை. பொருந்திவிட்டது என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை நானும் ஏறிக்கொண்டேன். கார் துள்ளிக்கொண்டு போனது. லேசாக மிதித்தாலே பாய்ந்தது. ஒரு திணறல் இல்லாமல் பாலம் ஏறி இறங்கியது. மேடம் சத்தமாகச் சிரித்தார். பின்னாலிருந்து வரதன் சார், “மெதுவா ரெங்கா, நான் எங்கயும் ஓடிடல” என்றார். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் நாலு டயாலிசிஸ் வரைதான் நீடித்தது. அப்புறம் சிக்னலில் நின்றால் மிதிக்காமலே இன்ஜின் அலறியது. எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. அடுத்த வியாழக்கிழமை, திரும்பி வரும் வழியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் அடியோடு நின்றுவிட்டது. எனக்குச் செய்தி வந்து நான் போனபோது வரதன் சாரை ஒரு செருப்புக் கடைக்காரர் தன் கடைக்குள் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார். பிரஷர் இறங்கிப் பேச்சு குழறியது. மேடம் விசிறிக்கொண்டிருந்தார்.

சலீம் பாய் வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. பழையதைச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார். நான்தான் சொன்னேன். அத்தனை பேர் சொல்லியும் கேட்காமல் இப்படிச் செய்துவிட்டீர்களே, சார் உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று, மேடம் வீட்டிலேயே நின்றுகொண்டு கேட்டேன்.

“செய்யாம இருக்க முடியல செல்வி. அவ்வளவுதான்” என்றார். 

நம் ஆசிரியர்களில் கார் வைத்திருப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். முறை போட்டுக்கொண்டு வந்திருந்தால், ஆளுக்கு ஒரு காலைதான். இன்ஜின் வேலையும் முடிந்திருக்கும். அவர் யாரிடமும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த நான் உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு, வழியில் கார் நின்றாலும் நேரம் இருக்கட்டும் என்று மேடம் முன்பைவிடச் சீக்கிரமாகக் கிளம்புவார். ஏப்ரலிலிருந்து இடது தோள் வலிக்கிறது என்றார். ஸ்பேனர் பிடித்த கை என்று நான் கேலி செய்தேன். டாக்டரைப் பார்க்கலாம் என்றதற்கு, செமஸ்டர் பேப்பர் திருத்தி முடியட்டும் என்றார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர், ஒரு நாள்கூடத் தனக்காக உள்ளே போகவில்லை.

குழந்தைகள் இல்லை. சென்னையிலிருந்து வந்த வரதன் சாரின் அண்ணன் மகன் காரியங்களைச் செய்தார். பதிமூன்று நாள் முடிந்ததும், சித்தப்பாவைக் கூட்டிப்போக வீட்டில் வசதி இல்லை என்று என்னிடம் வருத்தப்பட்டுவிட்டுக் கிளம்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது அந்தக் காரில் வரதன் சாரை நான் கூட்டிப்போகிறேன். பாலத்தில் இன்னும் திணறுகிறது. ஆறுதலாக ஏதாவது எழுதும்படி நீங்கள் எதிர்பார்க்கலாம். என்னிடம் இல்லை. மேடம் செய்தது எதுவும் பலிக்கவில்லை. சிறுநீரகம் ஒத்து வரவில்லை, கார் சரியாகவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது வாரத்தில் மூன்று காலைகள், அவ்வளவுதான். பலிக்குமா என்று கேட்காமல் கிளம்புகிற மூன்று காலைகள்.

போன சனிக்கிழமை திரும்பும்போது, டயாலிசிஸை வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைத்துக்கொள்ளப் போவதாக வரதன் சார் சொன்னார். டாக்டர் கூடாது என்றாராம். “யாருக்காகம்மா அங்க போய்ப் படுத்துண்டிருக்கேன்?” என்று கேட்டார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வீடு வந்ததும் அவரைப் பிடித்துப் படியேற்றிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன் என்றேன்.