எண்ணெய் பட்ட கை

அவளுக்கு அவஸ்தைப் பூசுதல் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுகிறார், அதற்குப் போய் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்பீர்கள். நான் பட்டேன். வயிறு எரியப் பட்டேன்.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கு அக்கா முறை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. உச்சிப்புளிக்குத் தெற்கே எங்கள் ஊர். மிளகாய்த் தோட்டமும் கொஞ்சம் நெல்வயலும் உண்டு. மாமனாருடைய அப்பா காலத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான குடும்பம். ஊரில் சின்னதாக ஒரு கோயில், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உபதேசியார். பூசை வைக்கிற சாமியார் கடற்கரைப் பங்குக் கோயிலிலிருந்து மாதம் ஒரு தரம் வருவார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அக்காவுக்குப் பிரசவம் சிக்கலாகிப் பிள்ளை தங்கவில்லை. ஜன்னி கண்டு பேச்சும் நின்றுவிட்டது. வண்டி கட்டிப் போய்ச் சாமியாரை அழைத்து வந்தார்கள். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் எண்ணெய் தொட்டு லத்தீனில் மந்திரம் சொன்னார். எண்ணெய் பூசியாயிற்று என்றால் எங்கள் பக்கம் ஆள் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பயந்தே கடைசி மூச்சு இழுக்கிறவரை சாமியாரைக் கூப்பிட மாட்டார்கள். பிணம் சுமக்கும் தூம்பாவை உபதேசியார் துடைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தும் விட்டார். நானும் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அதில் பொய் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் கண்ணைத் திறந்து, "கஞ்சி இருக்கா?" என்றாள்.

தூம்பா கோயிலுக்குத் திரும்பிப் போனது. எனக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

எண்ணெய் பூசிய பிறகு பிழைத்து எழுந்தவளை ஊர் அதுவரை பார்த்ததில்லை. அவளை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாமியார்தான் தீர்ப்புச் சொன்னாள். "ஆண்டவருக்குன்னு எண்ணெய் பட்ட கைடி அது. இனிமே உலக்கை புடிக்கக் கூடாது, சாணி அள்ளக் கூடாது." சரி, அப்படியானால் நெல் குத்துவது யார்? சாணி அள்ளுவது யார்? வேறு யார், எண்ணெய் படாத கைக்காரி நான்தான். உலக்கை விழுகிற ஒவ்வொரு தரமும் அவள் காதில் விழும்படி வைதேன்.

வேலை போனால் போகட்டும். அவள் வாழ ஆரம்பித்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உபதேசியாரிடம் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டாள். மண்டபத்துக்கு ரயிலேறிப் போய்ச் சேலையோடு கடலில் முங்கிவிட்டு, தலை சொட்டச் சொட்ட வந்து இறங்கினாள். எந்த வீட்டில் யாருக்கு நோவென்றாலும், அம்மை போட்டிருந்தால்கூட, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணத்துக் கூறைச்சேலையை நாங்களெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்திருக்க, அவள் அதைச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கட்டிக்கொண்டு மிளகாய் காய வைப்பாள். "நாளைக்கு இருக்கேனோ இல்லையோ, இன்னைக்கே கட்டிக்கிறேன்" என்பாள். என் பிள்ளைகள் இரண்டும் அவள் மடியை விட்டு இறங்காது. என்னிடம் வந்தால் பசிக்கிறது என்று மட்டும் சொல்லும்.

என் கணவர் வேறு. "மதினியப் பாரு, சாவையே பாத்துட்டு வந்து சிரிக்கிறாக. நீ பல்லி விழுந்தா ஊரக் கூட்டுற." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குச் சாவென்றால் பயம். யார் வீட்டில் எழவு விழுந்தாலும் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. நான் மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்கிறேன், பூசையில் நன்மை எடுக்கிறேன், வெள்ளிக்கிழமை மீன் வாசனைகூடப் படாமல் கஞ்சியோடு கிடக்கிறேன். என் பயம் மட்டும் போகவில்லை. அவளுக்குப் போய்விட்டதே, எப்படி? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாம் அந்த எண்ணெய். வேறென்ன?

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விடுவேனா? "நான் சாகப் போறேன், சாமியாரக் கூப்பிடுங்க" என்று ஒரே பிடியாகப் பிடித்தேன். பாவம், புதிதாக வந்த சாமியார், சின்ன வயசு. சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். என் நாடியைப் பார்த்துவிட்டு, "கஷாயம் குடிச்சா சரியாயிடும்மா" என்றார்.

"எண்ணெய் போடுங்க சாமி."

"அது சாவுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கும்மா."

"அப்ப அவ ஏன் சாகல?"

சாமியார் மோரை வாங்கிக் குடித்தார். விட்டேனா, இன்னொன்றும் கேட்டேன். "எண்ணெய் பட்ட கை உலக்கை புடிக்கலாமா, சாமி?" அவர் சிரித்து, "தாராளமா" என்றார். மாமியார் அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து, "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று அதையும் முடித்துவிட்டாள். காய்ச்சல் விட்ட அன்றே உலக்கை மறுபடியும் என் கைக்கு வந்தது.

ஏழெட்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் அக்காவுக்குக் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. இருதயம் பழுது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ராமநாதபுரத்து டாக்டர் கைவிரித்தார். மிளகாய்ப் பழம் பறிக்கிற மாதத்தில் ஒரு முற்பகல் மூச்சு மேலே மேலே இழுக்க ஆரம்பித்தது. ஆண்கள் வண்டியோடு சாமியாரைக் கூட்டிவரப் போனார்கள். மாமியார் உபதேசியாரைத் தேடிக் கோயிலுக்கு ஓடினாள். வீட்டில் அவளும் நானும்தான்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பயமா இருக்குடி."

எனக்குக் கோபம்தான் வந்தது. சாகிறவளிடம் சத்தம் போட்டேன். "பயமா? உனக்கா? அப்ப இத்தன வருஷமா எங்க எல்லாருகிட்டயும் நடிச்சியா?"

"நடிக்கலடி. எண்ணெய் போட்ட அன்னைக்கே பயந்தேன். மறுநா முழிச்சப்பவும் பயம் அங்கனயேதான் இருந்துச்சு. பசியும் இருந்துச்சு. கஞ்சியக் குடிச்சேன்." மூச்சு வாங்கினாள். "பயத்தோடதாண்டி கூறச்சேல கட்டுனேன். அது போகட்டும்னு காத்துக் கெடந்தா என்னைக்குக் கட்டுறது? ஆண்டவர் பாத்துக்குவாருன்னு கட்டிக்கிட்டேன்."

அவள் நெஞ்சைத் தடவிவிட்டேன்.

"காதுல சொல்லு" என்றாள்.

உயிர் பிரிகிறவர்களின் காதில் "சேசு, மரி, சூசை" என்று மூன்று திருப்பெயர்களையும் விடாமல் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது மூத்தவர்களுக்கு உள்ள உரிமை. "அத்த வந்துருவாக, அவுக சொல்லட்டும்" என்றேன்.

"நீ சொல்லு. இந்த வீட்டுல நெதம் என்னைய வைஞ்ச குரலு. அது கேட்டாத்தான் வீட்டுல இருக்குற மாதிரி இருக்கும்."

குனிந்து சொன்னேன். முதலில் கரகரவென்று, பிறகு சத்தமாக, நெல் குத்துகிற மூச்சோடு சொன்னேன். மாமியாரும் உபதேசியாரும் வந்தபோது அவள் போயிருந்தாள். அது தெரியாமல் நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். தோளைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினார்கள்.

பொறாமை தீர்ந்ததா என்றால் இல்லை. அவள் கொடுத்து வைத்தவள். சாகும்போது கூப்பிட அவளுக்கு நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்கள்? இப்போதும் அதை நினைத்தால் அவள்மேல் எரிச்சலாக வருகிறது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை என் பெட்டியைத் திறந்தேன். கூறைச்சேலை மடிப்பு மடிப்பாகப் பழுப்பேறிக் கிடந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டு உலக்கையைப் பிடித்தேன். மாமியார் வந்து பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல அத்த. பயமா இருக்கு, அதான்."